கேன்சர் ஆராய்ச்சிக்கு டாக்டர் படிப்பு வேண்டுமா?

கேள்வி: மேடம், வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைனில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா டீ ஃபேக்டரியில் வேலை. நான் ஊட்டியில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீட் இரண்டு தடவை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. என் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவரோடு பஸ்ஸில் போய் வந்தது நான்தான். அதிலிருந்து கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பக்கம் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் அடிக்கிற மருந்தால்தான் கேன்சர் வருகிறது என்கிறார்கள். அதையும் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் பிராக்டிகலில் வெங்காய வேர் நுனியில் செல் பிரிவதைப் பார்த்தேன், பெல் அடித்தும் எழுந்து வர மனசில்லை. ஆனால் மாமா, "டாக்டருக்குப் படிக்காமல் என்ன கேன்சர் ஆராய்ச்சி?" என்கிறார். இன்னும் எத்தனை வருஷம் படிப்பு, சம்பளம் எப்போது என்று அப்பா கேட்கிறார். தம்பி பிளஸ் டூ. பி.எட். முடித்து டீச்சர் ஆகிவிடு என்கிறார்கள். எனக்கு இங்கிலீஷும் சுமார்தான். நான் இந்த வழிக்கு வரலாமா?

— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாமாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் படிப்பு கட்டாயம் இல்லை. செல் உயிரியல் வழியாகப் புற்றுநோயை ஆராய்கிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று படித்து, பிஎச்.டி. முடித்து வந்தவர்கள்தான். புற்றுநோய் செல்களை ஆராயும் என் லேபில் இப்போது இருக்கும் மாணவர்களில் எம்.பி.பி.எஸ். படித்தவர் யாரும் இல்லை. தாவரவியல் படித்தவர் இருக்கிறார், மீன்வளம் படித்துவிட்டு வந்தவர் இருக்கிறார்.

மாமாவிடம் கமல் ரணதிவேயைப் பற்றிச் சொல்லுங்கள். 1917-ல் புனேயில் பிறந்தவர். அவரையும் டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்றுதான் அவருடைய அப்பா ஆசைப்பட்டார். அவர் தாவரவியலும் விலங்கியலும் படித்தார். எம்.எஸ்ஸி.யில் எடுத்துக்கொண்ட பாடம் சீத்தாப்பழக் குடும்பத்துச் செடிகளின் செல்லியல். அங்கிருந்து பம்பாய் போய், நோயியல் அறிஞர் வி.ஆர். கானோல்கரிடம் ஆராய்ச்சி செய்து 1949-ல் பிஎச்.டி. வாங்கினார். அப்புறம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் கையின் லேபில் செல் வளர்க்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 1960-களில் பம்பாயில் அவர் அமைத்ததுதான் இந்தியாவின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகம். மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. சீத்தாப்பழச் செடியின் குரோமோசோமை எண்ணிக்கொண்டிருந்தவர் மார்பகப் புற்றுநோய்க்குப் போனார் என்றால், வெங்காய வேரிலிருந்து நீங்கள் போவதில் என்ன அதிசயம்?

நீட் கிடைக்காததால் இந்தப் பக்கம் வருகிறோம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. அதை இங்கேயே விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஓ.பி. பார்ப்பதும் லேபில் உட்கார்ந்து ஒரு செல் ஏன் நிற்காமல் பிரிகிறது என்று பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். நோயாளிக்கு நேரடியாக உதவ வேண்டும் என்ற தவிப்புதான் உங்களுக்குப் பெரிது என்றால், நர்சிங் இருக்கிறது, கதிர்வீச்சு சிகிச்சை டெக்னாலஜி இருக்கிறது, கடைசிக்கால வலி தணிப்பு சிகிச்சைக்கு ஆள் பற்றாமல் கிடக்கிறது. லேப் வேலையில் நோயாளியின் முகம் கண்ணில் படாமலே வருஷங்கள் போகும். உங்களுக்கு அது சம்மதமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தோட்டத்து மருந்து. ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் அது செல் உயிரியலால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்வி இல்லை. பூச்சிமருந்தை ஒரு ஃப்ளாஸ்கில் வளரும் செல்கள் மேல் ஊற்றி, டி.என்.ஏ. உடைகிறதா என்று என்னால் பார்க்க முடியும். உடைந்தால், 'இந்த மருந்து இந்த அளவில் இந்த செல்லுக்குக் கெடுதி' என்று மட்டும் சொல்லலாம். கோத்தகிரியில் கேன்சர் மற்ற ஊர்களைவிட அதிகமா, மருந்து அடிக்கிறவர்களுக்கு அதிகமா, அடிக்காதவர்களுக்கு எவ்வளவு, அவர்களில் புகையிலை போடுகிறவர்கள் எத்தனை பேர், வயது என்ன, இதையெல்லாம் வீடு வீடாகவும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது தொற்றுநோயியல் என்று பெயர் வாங்கிய துறை. தொற்றாத நோய்களுக்கும் அதே துறைதான். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது.

புகையிலை விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு எண்ணி, ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-ல் வெளியிட்டார்கள். புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருள், செல் தாறுமாறாகப் பிரியாமல் காக்கும் பி53 என்ற ஜீனில், நுரையீரல் புற்றுநோயில் எந்தெந்த இடங்கள் கெட்டுப்போயிருக்கின்றனவோ அதே இடங்களில் போய் ஒட்டுகிறது என்று செல்களில் காட்டியது 1996-ல். எண்ணினவர்கள் ஒரு பக்கம், செல்லுக்குள் பார்த்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் 46 வருஷம். இந்த இரண்டில் உங்களை இழுப்பது எது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எம்.எஸ்ஸி.யில் சேராதீர்கள். ஊர் ஊராகப் போய், மனிதர்களிடம் பேசி, கணக்குப் போடுவதில்தான் மனம் போகிறது என்றால் பொதுச் சுகாதாரம், புள்ளியியல் பக்கம் போவது நல்லது.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பெரியம்மாவைப் பற்றி எழுதினீர்கள், மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினீர்கள். பல பேர் அப்படி எழுதுகிறார்கள், மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் நடுவில் போகிற போக்கில், வெங்காய வேர் நுனியைப் பார்த்தபோது பெல் அடித்தும் எழ மனசில்லை என்று ஒரு வரி வருகிறது. இந்தத் துறைக்கு நீங்கள் வரலாம் என்று எனக்குத் தோன்ற வைத்தது அந்த வரிதான்.

ஏன் என்று சொல்கிறேன். என்னிடம் முதல் நாள் வருகிற மாணவருக்கு நான் கொடுப்பது ஒரு ஃப்ளாஸ்க். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குப்பி, அதன் அடியில் எம்.சி.எஃப்-7 என்ற செல்கள் ஒட்டி வளர்ந்துகொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சுக்கூட்டில் சேர்ந்த நீரிலிருந்து 1970-ல் எடுக்கப்பட்டு, 1973-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டவை. அந்த அம்மா அப்போதே இறந்துவிட்டார். அவருடைய செல்கள் இன்னும் உலகம் முழுக்க லேப்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கேட்டு வளரும் வகை என்பதால், அந்த வகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாமாக்ஸிஃபென் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நாம் கற்றதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு நோயாளியிடம் சம்மதம் கேட்காமல் செல் எடுக்க முடியாது. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து எடுத்த ஹீலா செல்களுக்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஃப்ளாஸ்கைக் கையில் எடுக்கும்போது அதற்குள் இருப்பது ஒரு மனுஷியிடமிருந்து வந்தது என்பதை என் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

அந்த செல்களுக்கு 37 டிகிரி சூடு வேண்டும், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை, உறிஞ்சி எடுத்துவிட்டு புதிது ஊற்ற வேண்டும். மீடியம் ரோஜா கலந்த சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று தீர்த்து அமிலம் சேர்ந்தால் மஞ்சளாகும். காலையில் வந்து இன்குபேட்டரைத் திறக்கும்போது மஞ்சளாகவும் கலங்கலாகவும் இருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். கலங்காமலே கெடுக்கிற மைக்கோபிளாஸ்மா என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்கும் தெரியாது, சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கும் தெரியாது, ஆனால் செல்லின் குணத்தையே மாற்றிவிடும். அதற்குத் தனியாக அவ்வப்போது டெஸ்ட் பண்ண வேண்டும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் தெரியாது. ஃப்ளாஸ்கின் அடி நிரம்பிவிட்டால் அன்றைக்கே டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்து வேறு ஃப்ளாஸ்குக்கு மாற்ற வேண்டும்.

ஒரு பரிசோதனையையும் சொல்கிறேன். தட்டின் அடியில் செல்கள் ஒரே விரிப்பாக வளர்ந்ததும், பிப்பெட் நுனியால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். கோட்டில் இருந்த செல்கள் பெயர்ந்து போய், வெறும் பாதை தெரியும். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து பாதையை மூடத் தொடங்கியிருக்கும். ஒரு மருந்து போட்டால் மூடுவது தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து செல்லின் நகர்வைத் தடுத்தது, இது கேன்சர் பரவுவதையே தடுக்கும் என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். ஆனால் பாதை மூடியது செல் நகர்ந்ததாலா, கரையில் இருந்த செல்கள் பிரிந்து பெருகியதாலா? அல்லது மருந்தில் பாதி செல்கள் செத்தே போய்விட்டனவா? இந்த மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பிரித்துக் காட்டாமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. படத்தில் இடைவெளியை அளக்கும்போதுகூட, எது மருந்து போட்டது எது போடாதது என்று அளக்கிறவருக்குத் தெரியாதபடி லேபிளை மறைத்துத்தான் நான் கொடுப்பேன். எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும்.

என் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. பெரியம்மாவின் நினைவு உங்களை லேப் வாசல் வரை கொண்டுவந்து விடும். அது உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான்காவது முறையும் வெஸ்டர்ன் பிளாட்டில் (செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பட்டை வராமல் ஃபிலிம் வெறுமையாக இருக்கும் சாயங்காலத்தில், அடுத்த நாள் காலையில் திரும்ப வரவைப்பது இந்த செல் என்னதான் செய்கிறது என்ற ஆவல்தான். அந்த ஆவல் இல்லாமல், நோயின் மேல் உள்ள கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்த நல்ல பிள்ளைகள் இரண்டு மூன்று வருஷத்தில் ரொம்பவும் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த ஆவல் இருப்பதாக ஒரு அடையாளம் தெரிகிறது. அடுத்த தடவை வேர் நுனியைப் பார்க்கும்போது மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கிற செல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நம் ஊர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் செல்லை நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் ஸ்பிண்டில் இழைகளைக் கட்ட விடாமல் செய்துவிடுகிறது, பிரிய முடியாமல் நின்ற செல் செத்துப்போகிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மருந்து. மேட்டுப்பாளையம் இறங்கினால் வீட்டு வாசல்களில் அந்தப் பூவைப் பார்க்கலாம். (பூவைப் பறித்துச் சாப்பிட்டால் கேன்சர் போகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது விஷச்செடி.)

மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்றீர்களே, அது எப்படி நடக்கிறது என்பதற்கு உங்கள் பெரியம்மாவின் நோயையே எடுத்துக்கொள்வோம். 1982-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டிம் ஹன்ட் அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில் கடல் முள்ளெலி (முள் நிறைந்த பந்து போன்ற கடல் உயிரி, சீ அர்ச்சின்) முட்டைகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். முட்டைக்குள் ஒரு புரதம் சேர்ந்துகொண்டே வந்து, செல் பிரியும்போது மட்டும் சட்டென்று காணாமல் போவதைப் பார்த்தார். அடுத்த சுற்றில் மறுபடி சேர்ந்தது, மறுபடி காணாமல் போனது. அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார். ஈஸ்டில் லீலண்ட் ஹார்ட்வெல்லும் பால் நர்ஸும் கண்டறிந்த ஜீன்களோடு சேர்த்துப் பார்த்தபோது, ஈஸ்டிலிருந்து மனிதர் வரை செல் பிரிவதை ஓட்டும் பொறி ஒன்றுதான் என்று தெரிந்தது. 2001-ல் மூவருக்கும் நோபல் பரிசு. சைக்ளினோடு சேர்ந்து வேலை செய்யும் நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மாத்திரைக்கு, பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2015-ல். முட்டையில் பார்த்ததிலிருந்து மாத்திரை வரை 33 வருஷம். அந்த முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தவர் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து தேடவில்லை. மாத்திரையைச் செய்தவர்களில் பலர் முட்டையைத் தொட்டதே இல்லை.

நீங்கள் இந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒரு கண்ணியாக இருப்பீர்கள். உங்கள் பெயரில் மாத்திரை வராமல் போகலாம். வராமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் சரியாகச் செய்து, சரியாக எழுதிவைத்த ஒரு முடிவின் மேல் வேறு யாராவது நின்று அடுத்ததைப் பார்ப்பார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. விலங்கியல் படிப்பு எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால், கடல் முள்ளெலியைச் சொல்லுங்கள்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

இன்னும் ஒன்றரை வருஷம் பி.எஸ்ஸி., இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி., அப்புறம் பிஎச்.டி. ஐந்து வருஷம், பல சமயம் ஆறு. எம்.எஸ்ஸி. வரை வீட்டுப் பணம்தான், கல்வி உதவித்தொகை கிடைத்தால் அதையும் சேர்த்து. அதற்கு மேல் வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்க வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்குப்படி, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருஷம் 42,000. ஹாஸ்டல் தராத இடத்தில் வாடகைப்படி தனி. ஐ.சி.எம்.ஆர்., மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) தரும் ஜே.ஆர்.எஃப்.களும் இருக்கின்றன. பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், அதனால் கையில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள். அதாவது உங்கள் கையில் நிலையாகப் பணம் வர இன்னும் மூன்றரை வருஷம். தம்பி கல்லூரி முடிக்கிற சமயம் அது. அப்பாவுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.

பி.எஸ்ஸி. முடித்த கையோடு, எம்.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேர முடிந்தால் இன்னும் நல்லது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.க்கு ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு வழி. அங்கேயே உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு (என்.சி.பி.எஸ்.) டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) நடத்தும் உயிரியல் நுழைவுத் தேர்வு. அங்கே தொடக்கத்திலிருந்தே உதவித்தொகை உண்டு. இடம் கொஞ்சம், போட்டி அதிகம். எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. தனியாக எம்.எஸ்ஸி. என்றால் ஜாம் எழுதி ஐ.ஐ.டி., சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், இங்கேயே மதுரை காமராசர், பாரதியார், சென்னைப் பல்கலைக்கழகம். பெயரைவிட, அந்தத் துறையில் எம்.எஸ்ஸி. மாணவர் கையால் செல் வளர்க்க விடுகிறார்களா, ஆறு மாத ப்ராஜெக்ட் உண்மையாகவே நடக்கிறதா என்று சீனியர்களிடம் கேளுங்கள். தியரி மட்டும் நடத்தி, ப்ராஜெக்ட்டை வெளியில் காசு கொடுத்து முடித்துக்கொள்ளச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே போக வேண்டாம்.

பிஎச்.டி.க்கு நவிமும்பை கார்கரில் டாடா மெமோரியலின் புற்றுநோய் ஆராய்ச்சி மையமான ஆக்ட்ரெக், ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.), புனேயில் தேசிய செல் அறிவியல் மையம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று நல்ல இடங்கள் நிறைய. நிறுவனத்தைவிட கைடு முக்கியம். நேர்காணலுக்குப் போகும்போது அந்த லேபின் மாணவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருஷத்தில், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

முடித்த பிறகு? இங்கே நான் மழுப்ப மாட்டேன். பேராசிரியர் ஆகி சொந்த லேப் அமைப்பது கடினம். அதற்கு முன் மூன்று முதல் ஐந்து வருஷம் போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை), பெரும்பாலும் வெளிநாட்டில். கல்யாணம், குழந்தை என்று வீட்டில் பேச்சு எழும் அதே வயதில்தான் இதுவும் வரும். பெண்களுக்கு இது கூடுதல் பாரம் என்பதை அனுபவத்தில் அறிவேன். ஆனால் பிஎச்.டி. முடித்த எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. பெங்களூரு, ஹைதராபாத் மருந்து கம்பெனிகளில் செல் பரிசோதனை தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்தப் புற்றுநோயை வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் பார்க்கும் லேப்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் சொந்த டி-செல்லை (நோய் எதிர்ப்பு வெள்ளணு) வெளியே எடுத்து, மாற்றி, வளர்த்து, திருப்பி அவர் உடம்பில் ஏற்றுவது. இதில் மருந்தே செல்தான். சுத்தமாக, கவனமாக செல் வளர்க்கத் தெரிந்த கைகளுக்கு இந்த மாதிரி இடங்களில் தேவை கூடிக்கொண்டு போகிறது.

பி.எட். யோசனையைத் தள்ளிவிடவும் வேண்டாம். எம்.எஸ்ஸி. முடித்தபின் மனசு மாறினால், அப்போது பி.எட். சேர்ந்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அதனால் எம்.எஸ்ஸி. எந்த வழியையும் அடைக்கவில்லை. வீட்டில் பேசும்போது அடுத்த பத்து வருஷத்துக்குச் சம்மதம் கேட்காதீர்கள், எம்.எஸ்ஸி. வரைக்கும் கேளுங்கள்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படுவது புரிகிறது. நுழைவுத் தேர்வும் ஆய்வுக் கட்டுரையும் இங்கிலீஷில்தான், தப்ப முடியாது. ஆனால் அதற்கு கிராமர் கோர்ஸில் பணம் கட்ட வேண்டாம். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை எடுத்து, முழுதும் படிக்காமல் படங்களையும் அவற்றின் கீழே உள்ள விளக்கத்தையும் மட்டும் படியுங்கள். படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல வந்தால் விஷயம் புரிந்துவிட்டது, இங்கிலீஷ் பின்னாலேயே வந்துவிடும். கட்டுரை எழுதும் இங்கிலீஷ் குறுகிய இங்கிலீஷ், திரும்பத் திரும்ப அதே வாக்கியங்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது. உங்களுக்குப் பக்கத்திலேயே செல் வளர்க்கிற இடம் இருக்கிறது. குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், 1907-ல் தொடங்கியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அங்கே வீரோ செல்களை வளர்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் எடுத்த செல்கள் அவை. சாகாமல் பிரிந்துகொண்டே இருக்கும், ஆனால் தடுப்பூசிக்குப் பயன்படுத்தும் கட்டத்தில் கட்டி உண்டாக்காது. சாகாமல் பிரிவது மட்டும் கேன்சர் ஆகாது என்பதற்கு நல்ல உதாரணம். உங்கள் துறைத் தலைவர் மூலம் கடிதம் எழுதி, வகுப்பாகப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். தடுப்பூசி செய்யும் இடம் என்பதால் எல்லா அறைக்கும் விட மாட்டார்கள், பார்த்த வரை லாபம். ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரியிலும் ஆய்வகங்களைப் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

அதைவிட முக்கியம், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு உண்மையான லேபில் இருந்து பார்ப்பது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. ஒவ்வொரு வருஷமும் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள், தங்கும் செலவுக்கு உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. அதில் ஏன் இந்த லேபில் வேலை செய்ய விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலோர் சிறு வயதிலிருந்தே விஞ்ஞானி ஆக ஆசை என்று எழுதுவார்கள். நீங்கள் வெங்காய வேரைப் பற்றி எழுதுங்கள். எத்தனை செல்களைப் பார்த்தீர்கள், எந்தக் கட்டத்தில் இருந்த செல்கள் அதிகம், ஊட்டிக் குளிரில் வேர் வர எத்தனை நாள் ஆயிற்று, அந்தக் குளிர் செல் பிரியும் வேகத்தையும் மாற்றியிருக்குமோ என்று ஒரு சந்தேகம், அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று நாலு வரி. முடிந்தால் எழுதுவதற்கு முன் அதைச் செய்தே பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் வெங்காயத்தை வகுப்பறை ஜன்னலிலும் இன்னொன்றை அடுப்படிப் பக்கமும் வைத்தால் போதும். இரண்டு வேரையும் ஒரே நேரத்தில் வெட்டி, ஒரே மாதிரி அசிட்டோகார்மின் சாயம் போட்டு, ஒவ்வொன்றிலும் நூறு நூறு செல்களாக எண்ணுங்கள். எந்த ஸ்லைடு எந்த வேர் என்று தோழியை மறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், இந்தப் பகுதியின் முகவரிக்கே எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.